எம் தமையனார் ஓட்டிய பஸ்

ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டு என்று நம்பியிருப்பார்க்கு உலகம் அவ்வப்போது பாடம் கற்பித்துக்கொண்டே இருக்கும். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இரண்டாண்டு பயின்று, ஒரு சொற்குப் பல பொருளும் ஒரு பொருட்குப் பல சொல்லும் நிகண்டுகளிலே நெட்டுருச் செய்த எமக்கும் அப்பாடம் சென்ற கோடை விடுமுறையில் வாய்த்தது. அதனைக் கற்பித்த இடம் அச்சன்புதூரில் உள்ள எம் ஆச்சி வீட்டுத் திண்ணை. கற்பித்தவர் எவர் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் அன்பர்கள் காண்பார்கள்.

அச்சன்புதூர் தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூர் வட்டத்தைச் சேர்ந்ததொரு பேரூர். மேற்கே மலைத்தொடர் மதில்போல் நிற்க, அம்மலையடியில் மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே அடவிநயினார் அணை அமைந்துள்ளது. அணைநீர் கால்களின் வழியே இறங்கி, மடைதோறும் பிரிந்து, இப்பக்கத்து நெல்வயல்களை நனைக்கின்றது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் இங்கும் காற்றிலே ஈரம் கலந்துவிடும். அத்தகைய ஒரு நாளிலேதான், சென்னையில் ஒரு நிறுவனத்திற் பணியாற்றும் எம் தமையனார் ஒரு பெட்டி நிறையக் கம்பிகளோடும் பச்சைப் பலகைகளோடும் வந்து இறங்கினார். ஒரு திங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அவருக்கு இசைவு கிடைத்திருந்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டு முதல் மென்பொருட்பணி நடத்தி வருதலின், கணிப்பொறியோடு திண்ணையில் அமர்ந்திருப்பானைக் கண்டு வியத்தலை இப்பக்கத்தார் விட்டுப் பல்லாண்டுகள் ஆயின.

ஆச்சி மட்டும் ஒன்று கேட்டார்: “நீ அப்படி என்ன வேலதாம்ல பாக்க?”

தமையனார், “பஸ் டிரைவர் எழுதுதேன், ஆச்சி” என்றார்.

ஆச்சி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “நாலு வருசம் இஞ்சினீருக்குப் படிச்சுட்டு பஸ்ஸா ஓட்டுத? அதுவும் டிரைவர எழுதவா செய்வாவ, ஓட்டத்தான செய்வாவ?” என்றார். அன்றிரவு குடும்ப ஜெபத்தில், சாலையில் நேரும் எல்லா மோசங்களுக்கும் பேரனை விலக்கிக் காக்கும்படி அவர் வேண்டிக்கொண்டார். தமையனார் கண்மூடியபடியே முறுவலித்தார். யாமும் நகைத்தோம். ஆயினும் எமக்குள்ளே ஒரு முள் இருந்தது என்பதை ஈண்டு மறைப்பது நேர்மையாகாது. யாம் தமிழ் எடுத்துப் படிக்கப் போகின்றோம் என்று கூறிய நாளிலே, “அதைப் படித்து என்ன செய்வாய்?” என்று முதலிற் கேட்டவர் இதே தமையனார்தாம். உறவினர் பலர் பின்னர்க் கேட்டனர். அவர்கள் கேட்டது வலிக்கவில்லை. இவர் கேட்டது வலித்தது.

ஆதலின், அவர் தம் வேலையை எமக்கு விளக்க முன்வந்தபோது, ‘இவருடைய சொற்களையே கொண்டு இவரை மடக்குவோம்’ என்ற சிறுமையான எண்ணத்தோடுதான் எதிரே அமர்ந்தோம். “பஸ் என்ற சொல்லை எவ்வாறு இதற்குப் பெயராக்கினீர்கள்?” என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. தேடிக் கண்டவர் யாமே. இலத்தீன் மொழியில் ‘ஆம்னிபஸ்’ என்றால் ‘எல்லார்க்கும்’ என்பது பொருள். எல்லாரும் ஏறக்கூடிய வண்டிக்கு அப்பெயர் வந்தது. பின்பு தலை தேய்ந்து வால் மட்டும் ‘பஸ்’ என நின்றது. எந்திரத்தினுள்ளே பல உறுப்புக்களுக்கும் பொதுவாக ஓடும் கம்பித்தொகுதிக்கும் அதே காரணத்தால் அதே பெயர். வண்டிக்குப் பேருந்து என்றும், கம்பித்தொகுதிக்குப் பாட்டை என்றும், அதனை நடத்தும் நிரலுக்கு இயக்கி என்றும் தமிழ்க் கலைச்சொல்லாளர் பெயரிட்டிருக்கின்றனர். ஆக, எம் தமையனார் எழுதுவது பாட்டை இயக்கி. ஆச்சியின் ஜெபமும் முற்றிலும் பிழையன்று. இரண்டு பஸ்ஸும் ‘எல்லார்க்கும்’ என்ற ஒரு வேரிற் கிளைத்தவையே.

இனி, அந்த இயக்கி எங்கே வேலை செய்கின்றது என்பதை அன்பர்கள் அறிதல் வேண்டும். கணிப்பொறியை முடுக்கியவுடன் அது விழித்துக்கொள்கின்றது என்றே யாம் எண்ணியிருந்தோம். உண்மை அஃதன்று. விழித்தற்கு முன் அது படும் பாடு பெரிது. சில்லினுள்ளே உற்பத்தியின்போதே பொறிக்கப்பட்ட மிகச் சிறிய நிரல் ஒன்று முதலில் எழுகின்றது. அது அட்டையிலிருந்து இன்னொரு சிறுநிரலை எடுத்து, சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்தில் வைக்கின்றது. தமையனாரிடம் இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஏஎம்335எக்ஸ் என்னும் சில்லு. அதில் அந்த முதற்சிறுநிரலுக்கு உள்ள இடம் ஏறக்குறைய 109 கிலோபைட்டு மட்டுமே. பெரிய நினைவகம் பலகையில் இருப்பினும், அதனை இன்ன வேகத்தில் இன்னவாறு நடத்துக என்று எவரேனும் சொல்லும்வரை அது பயன்படாது. அவ்வாறு சொல்வதே இச்சிறுநிரலின் கடமை. அதன்பின் பெரிய தொடக்கநிரல் வந்து, இறுதியில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எழுப்பிவிட்டுத் தான் மறைந்துபோகின்றது. இத்தொடக்கநிரலையே பூட்லோடர் என்கின்றனர்.

தமையனார் பயன்படுத்தும் பூட்லோடரின் பெயர் யூ-பூட். ஜெர்மானியராகிய வுல்ஃப்காங் டெங்க் என்பார் 2000-ஆம் ஆண்டில் பிபிசிபூட் என்ற பெயரில் இதனைப் பொதுவில் வைத்தார். பல இனச் சில்லுகளுக்கும் அது விரிந்தபின், 2002-இல் யூ-பூட் என்று பெயர் மாற்றினார். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்பது பொருள். மேலே தோன்றாது அடியிற் கிடந்து தொழில் புரிவதற்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம்! அவர் 2022-இல் மறைந்தார். 2012 முதல் டாம் ரினி என்பார் தலைமைப் பேணுநராக இருந்து வருகின்றார். இந்நிரலை எவரும் வாங்கலாம், படிக்கலாம், திருத்தலாம்; திருத்தியதைப் பிறர்க்குக் கொடுப்பின் மூலத்தையும் கொடுத்தல் வேண்டும் என்பதே உரிமத்தின் சாரம். நம் நாட்டினரும் இதில் உழைத்துள்ளனர், எஸ்.பி.ஐ. என்னும் பாட்டைக்குரிய பகுதியைப் பல்லாண்டு பேணியவர்களுள் ஜகன் டெக்கி என்பார் ஒருவர். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி என்னும் சில்லு 2018-இல் லினக்ஸை எழுப்பியது என்ற செய்தியை அன்பர்கள் படித்திருக்கலாம். புதுச்சில்லு ஒன்று பிறந்தால் அதன் பாட்டைகளுக்குப் புதிய இயக்கிகளும் எழுதப்பட வேண்டும். அவை இன்றேல் சில்லு பேச்சற்ற பிள்ளையே.

அச்சிறுநிரல் விழித்தெழுந்து செய்யும் முதற்காரியம் எது என்று கேட்டோம். “தன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்” என்றார் தமையனார். எமக்கு அவ்விடை மிக இனித்தது.

பீகிள்போன் என்றொரு சிறு பலகை 2011-இல் வந்தது. பீகிள்போன் பிளாக் என்ற தம்பி 2013-இல் வந்தது. இரண்டிற்கும் ஏஎம்335எக்ஸ் இனச் சில்லே. ஆயினும் மூத்ததில் உள்ளது 256 மெகாபைட்டு டிடிஆர்2 நினைவகம். இளையதில் உள்ளது 512 மெகாபைட்டு டிடிஆர்3. ஒரே தொடக்கநிரல் இரண்டையும் எழுப்ப வேண்டும். தான் எப்பலகையில் இருக்கின்றது என்று அறியாமல் நினைவகத்தை நடத்தப் புகுந்தால் எல்லாம் கெடும். ஆதலின் ஒவ்வொரு பலகையிலும் ஒரு சிறு நிலைநினைவகம் வைத்து, முதலில் ஒரு முத்திரை எண்ணும், அடுத்து எட்டு எழுத்தாற் பலகையின் பெயரும் பொறித்திருக்கின்றனர். அந்நிலைநினைவகத்தைச் சில்லோடு இணைப்பது ஐ.டூ.சி. என்னும் பாட்டை. அப்பாட்டையின் இயக்கி தவறினால், தன் பெயரறியாத எந்திரம் இருளிலேயே நின்றுவிடும். தமையனாருடைய நிறுவனத்துப் பலகையும் இம்முறையிலேயே அமைந்தது.

ஐ.டூ.சி. பாட்டையைப் பிலிப்ஸ் நிறுவனத்தார் 1982-இல் வகுத்தனர். அதற்கு இரண்டே கம்பிகள். ஒன்றிலே தாளம், மற்றொன்றிலே சொல். தலைவன் தாளம் போட, ஒரு தாளத்துடிப்புக்கு ஓர் எழுத்து வீதம் சொல் நகரும். தொடக்கத்தில் விநாடிக்கு 1,00,000 துடிப்பு என்பதே வேகம். பின்னர் 1992-இல் 4,00,000 ஆயிற்று. ஒரே கம்பியிற் பல உறுப்புக்கள் தொங்குதலின் ஒவ்வொன்றுக்கும் ஏழு இலக்கத்தாலாகிய ஒரு முகவரி உண்டு. பெயரைத் தாங்கும் நிலைநினைவகத்தின் முகவரி பதினாறடி எண்முறையில் 50. தலைவன் முகவரியைக் கூவினால் அனைவரும் கேட்பர். உரியவன் மட்டும் ஒன்பதாம் துடிப்பிற் கம்பியைக் கீழே இழுத்து, ‘உளேன்’ என்பான்.

கம்பியைக் கீழே இழுத்தல் என்றது ஏன் எனில், இப்பாட்டையின் தனித்தன்மை அது. எவரும் கம்பியைக் கீழே இழுக்கலாம். மேலே தள்ள எவர்க்கும் உரிமையில்லை. எல்லாரும் கைவிட்டால், ஒரு மின்தடை அதனைத் தானே மேலே தூக்கிவிடும். கோயில் மணிக்கயிற்றை எண்ணிக்கொள்க. எவரும் இழுக்கலாம், கைவிட்டால் அது தானே மேலேறும். ஆனால் ஒருவர் பிடித்தபடியே உறங்கிவிட்டால், ஊர் முழுதும் கூடினும் மணி அடியாது.

இனி எம் வீட்டில் நடந்ததைச் சொல்வோம். தமையனார் கொணர்ந்த பலகை, ஆளில்லாத இடங்களிலே நின்று ஓர் உணரியாற் சுற்றுப்புறத்தை இடைவிடாது அளந்துகொண்டிருக்க வேண்டியது. எந்திரம் எக்காரணத்தாலேனும் திகைத்து நின்றால் அதனைத் தட்டி மறுபடி தொடங்கச் செய்யக் காவற்கடிகை ஒன்று சில்லினுள் உண்டு. அவ்வாறு தட்டப்பட்டபோது, ஏறக்குறைய இருபது முறைக்கு ஒரு முறை, பலகை விழிக்கவில்லை. ‘பெயரைப் படிக்க இயலவில்லை’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். ரீசெட் பொத்தானை எத்தனை முறை அழுத்தினும் பயனில்லை. மின்சாரத்தையே பிடுங்கிச் செருகினால் உடனே விழிக்கும். வீட்டிலே பிடுங்கிச் செருகலாம். மலைமேல் எவர் பிடுங்குவார்? திங்கள் முடிவதற்குள் காரணம் கண்டு சொல்லும்படி அவருக்குக் கட்டளை வந்திருந்தது.

பெயர் படிக்கப்படவில்லை, ஆதலின் பெயரைத் தாங்கும் நிலைநினைவகமே குற்றவாளி என்று அவர் துணிந்தார். அதனை மாற்றினார். பிழை தீரவில்லை. படிப்பு தவறினால் சற்றுப் பொறுத்து மீண்டும் படிக்கும்படி இயக்கியைத் திருத்தினார். பிழை தீரவில்லை. இவ்வாறு இரண்டு வாரங்கள் கழிந்தன. உணவிலே நாட்டமின்றி, பேச்சிலே கடுமையோடு அவர் இருந்ததைக் கண்டு யாம் முன்னர்க் கொண்ட சிறுமை எண்ணம் எம்மைவிட்டு அகன்றது.

ஒரு நாள் மாலை ஆச்சி எம்மை அழைத்து, “அவன் ஏம்ல இப்படி இருக்கான்? பஸ் ஓடலயா?” என்று கேட்டார். விளக்கிச் சொல்லுதல் எம் கடமையாயிற்று. ஆங்கிலச் சொல் ஒன்றேனும் ஆச்சியிடம் செல்லாது. கம்பியை யாம் வாய்க்காலாக்கினோம், உறுப்புக்களை வயல்களாக்கினோம், தலைவனை நீர் பாய்ச்சுவோனாக்கினோம். “ஒரே கால், ஆச்சி. அதில் மூன்று வயல்கள். முறை வைத்து ஒவ்வொன்றுக்காகத் தண்ணீர் பாய வேண்டும். கடைசி வயலுக்கு மட்டும் சில நாள் தண்ணீர் வருவதில்லை. அண்ணன் அந்த வயலை வெட்டிப் பார்த்தாயிற்று, வரப்பை மாற்றியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை” என்றோம்.

ஆச்சி வெற்றிலையை மடித்தபடியே, “கடைமடைக்குத் தண்ணி வரலன்னா கடைமடையிலயா போயித் தேடுவாவ? மேல எவன் மடைய அடைக்காமப் போனாம்னுல்லா பாக்கணும்” என்றார்.

யாம் அதனை ஓர் இன்சொல்லாக மட்டும் எண்ணித் தமையனாரிடம் கூறினோம். அவர் நகைக்கவில்லை. பலகையையே நெடுநேரம் பார்த்தார். பின்பு உணரியின் கம்பியைக் கழற்றினார். ரீசெட் பொத்தானை நூறு முறை அழுத்தினோம். அவர் ஐம்பது, யாம் ஐம்பது. நூறு முறையும் பலகை விழித்தது.

காரணம் பின்னர் ஐயமற விளங்கிற்று. உணரி தன் அளவை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவிலே காவற்கடிகை தலைவனைத் தட்டிவிடுகின்றது. தலைவன் எல்லாவற்றையும் மறந்து புதிதாக எழுகின்றான். ஆனால் உணரிக்கு அச்செய்தி எட்டவில்லை; ரீசெட் கம்பி சில்லுக்கு உண்டு, உணரிக்கு இல்லை. பாதிச் சொல்லில் நின்ற அது, ‘அடுத்த தாளம் எப்போது வரும்?’ என்று சொற்கம்பியைக் கீழே பிடித்தபடியே காத்திருக்கின்றது. தலைவனோ கம்பி கீழே கிடப்பதைக் கண்டு, ‘யாரோ பேசிக்கொண்டிருக்கின்றார்கள்’ என்று தானும் காத்திருக்கின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் மதித்துக் காத்திருக்க, குற்றமற்ற நிலைநினைவகம் வாய் திறக்க வழியின்றி மூன்றாமிடத்திற் கிடக்கின்றது. மின்சாரத்தைப் பிடுங்கினால் மட்டும் மூவரும் ஒருங்கே மறப்பர். ஆதலின் அப்போது விழிக்கும்.

நோய் தெரிந்தபின் மருந்து கடினமன்று. பாதிச் சொல்லில் நிற்பானுக்குத் தாளத்தைப் போட்டுக் கொடுத்தால் அவன் சொல்லி முடித்துக் கைவிடுவான். ஒரு சொல்லுக்கு எட்டுத் துடிப்பும் ஏற்புக்கு ஒன்றுமாக, ஒன்பது துடிப்பு எவ்விடத்தில் நின்றவனையும் முடிவுக்குக் கொணரும். இயக்கி வேலை தொடங்குமுன், கம்பிகளைத் தற்காலிகமாக வெறுங்கம்பிகளாக எடுத்துக்கொண்டு, ஒன்பது முறை தாளமிட்டு, முடிவுக்குறி காட்டி, மீண்டும் இயக்கியிடம் ஒப்படைத்தல் வேண்டும். தமையனார் இரண்டு இரவு விழித்து ஏறக்குறைய எண்பது வரிகளில் இதனை எழுதினார்.

செப்பனிடுதல் என்னும் கலையை யாம் கண்டது இதன் பின்னரே. எழுதியதைத் தம் அலுவலக நண்பர் ஒருவர்க்கு அனுப்பினார். விடையாக வினா வந்தது: ‘கம்பி உயர்ந்தே இருக்கும்போதும் ஒன்பது துடிப்பு எதற்கு? தலைவன் எழுதிக்கொண்டிருக்கும்போது தட்டப்பட்டிருந்தால், கேட்போன் உன் துடிப்புக்களையே எழுத்தாக எண்ணித் தன்னுள் எழுதிக்கொள்வானே?’ தமையனார் திடுக்கிட்டார். நிலைநினைவகத்தில் அங்ஙனம் பொய்யெழுத்து ஏறிவிட்டால், பலகை தன் பெயரையே என்றென்றைக்கும் மறந்துபோகும். நோயினும் மருந்து கொடிதாகும். ஆதலின், கம்பி கீழே கிடந்தால் மட்டும் தாளமிடுக, ஒவ்வொரு துடிப்பின் பின்னும் கம்பி மேலேறியதா என்று பார்த்து ஏறியவுடன் நிறுத்துக என்று திருத்தினார்.

இரண்டாம் முறை வந்த விடை இன்னும் சுருக்கமானது: ‘இது யூ-பூட்டின் பொதுப்பகுதியில் முன்பே இருக்கின்றது. பார்த்தாயா?’

இருந்தது. அவர் இரண்டு இரவில் எழுதியதையே வேறொருவர் முன்னரே இன்னும் செவ்வையாக எழுதி, எந்தப் பலகையும் பயன்படுத்துமாறு பொதுவில் வைத்திருந்தார். ஒன்பது துடிப்பு, ஒவ்வொரு துடிப்பின் பின்னும் சோதனை, முடிவுக்குறி, எல்லாம் அங்கே இருந்தன. தமையனார் செய்ய வேண்டியிருந்தவை இரண்டே: அவ்விரு கம்பிகளும் வெறுங்கம்பியாகவும் நிற்கக்கூடியவை என்பதைப் பலகையின் வருணனைக் கோப்பில் எழுதுதல்; பெயரைப் படிக்குமுன் அப்பொதுப்பணியை அழைத்தல். எண்பது வரி பத்து வரிக்கும் குறைவாகச் சுருங்கிற்று.

ஈண்டு ஒன்று விளக்குதல் வேண்டும். முற்காலத்து யூ-பூட்டில் பலகைக்குரிய செய்திகள் இயக்கியின் உள்ளேயே விரவிக் கிடந்தன. பலகைகள் பெருகப் பெருக அம்முறை தாங்கவில்லை. 2014 முதல் சைமன் கிளாஸ் என்பார் முதலியோர் புதிய அமைப்பு ஒன்றைக் கொணர்ந்தனர். அதன்படி இயக்கி தொழிலை மட்டும் அறியும். எக்கம்பி எங்கே, எம்முகவரியில் எவ்வுறுப்பு என்பனவெல்லாம் தனியே ஒரு வருணனைக் கோப்பில் இருக்கும். இதனைக் கேட்டபோது எமக்கு வேற்றுமையியல் நினைவுக்கு வந்தது. பெயர்கள் எண்ணிறந்தன, உருபுகள் சிலவே. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உருபு ஆக்கப் புகுந்தால் மொழி நடவாது. பொதுவிதியைப் பொதுவிலும் சிறப்பைச் சிறப்பிலும் வைத்த பழைய இலக்கணநூலார் செய்த வேலையையே இவர்களும் செய்திருக்கின்றனர். தமையனாரிடம் இதனைச் சொன்னோம். அவர் ஒரு தாளெடுத்து அதனை எழுதிக்கொண்டார்.

எனினும், அன்றிரவு அவர் வருந்தினார். “எண்பது வரியும் வீண்” என்றார். யாம், ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த முன்னோரை நினைவூட்டினோம். உ. வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்கப் பல ஊர் அலைந்து பல பிரதிகளைத் தேடித் தொகுத்தார், பாடபேதம் காட்டினார், தம் ஊகத்தை ஏட்டின்மேல் ஏற்றவில்லை. முன்னிருப்பதைத் தேடிப் படித்தபின் எழுதுதல் என்பது அவர்க்கும் உங்களுக்கும் ஒரே நெறி என்றோம். எண்பது வரியை எழுதியிராவிடில், அங்கே இருந்த பத்து வரியின் அருமை உங்களுக்குத் தெரிந்திராது என்றும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின்பு ஒன்று கேட்டார்: “இதற்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுத வேண்டும், தம்பி. நீ படித்துப் பார்ப்பாயா?”

இத்தகைய திருத்தம் ஒவ்வொன்றோடும் ஒரு குறிப்பு இணைத்தல் யூ-பூட் உலகத்து மரபு. என்ன செய்தேன் என்பதை நிரலே சொல்லும். ஏன் செய்தேன் என்பதைக் குறிப்புச் சொல்ல வேண்டும். தமையனாரின் குறிப்பு ஆங்கிலத்தில் ஏழு வாக்கியம் கொண்டது. மூன்றாம் வாக்கியத்தில் ‘அது கம்பியைப் பிடித்திருப்பதால்’ என்னும் பொருள்பட எழுதியிருந்தார். “எது?” என்று கேட்டோம். முன்வாக்கியத்தில் உணரி, நிலைநினைவகம், சில்லு என்னும் மூன்றும் வந்திருந்தன. மூன்றுக்கும் அச்சுட்டுப்பெயர் பொருந்தியது. “வாசிப்பவர்க்குத் தெரியும்” என்றார். “உங்களுக்கே இரண்டு வாரம் தெரியவில்லையே, நிலைநினைவகம் என்றுதானே நீங்களும் எண்ணினீர்கள்?” என்றோம். அவர் எம்மை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, ‘அது’ என்பதை அடித்து, ‘உணரி’ என்று எழுதினார். பின்னும் இரண்டிடத்தில் சுட்டு மாறிற்று. ஒரு வாக்கியம் இரண்டாகப் பிரிந்தது. அந்த இரவு யாம் இருவரும் பன்னிரண்டு மணிக்குமேல் உறங்கச் சென்றோம்.

“அதைப் படித்து என்ன செய்வாய்?” என்ற பழைய கேள்வியை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டதாக வாயாற் கூறவில்லை. எம் குடும்பத்தில் அத்தகைய பேச்சுக்கள் வழக்கமில்லை. ஆனால் மறுநாட்காலை அவர் தென்காசிக்குச் சென்று திரும்புகையில், யாம் நெடுநாள் விரும்பியிருந்த இலக்கண உரைநூல் ஒன்று அவர் பையில் இருந்தது. அதனை ஒன்றும் சொல்லாது எம் பாயின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

யாம் கல்லூரிக்குத் திரும்புமுன், உணரியையும் மாட்டி, பலகையை முந்நூறு முறை எழுப்பிப் பார்த்தார். முந்நூறு முறையும் அது தன் பெயரைக் கேட்டறிந்து எழுந்தது. குறித்த நாளில் குறிப்பும் திருத்தமும் சென்று சேர்ந்தன.

எமக்கு இதில் விளங்கியது ஒன்றே. எண்பது வரி எழுதும் ஆற்றல் தமையனாரிடம் இருந்தது. உண்மையைக் காட்டியதோ, நிகழ்ந்ததை ஆச்சிக்கு விளங்குமாறு தமிழிற் சொல்லிப் பார்த்த அந்த ஐந்து நிமிடமே. அவர் சொல்லிப் பழகிய சொற்களில் ‘நிலைநினைவகம் பிழை’ என்ற முடிவு முன்னமே ஒளிந்திருந்தது. வாய்க்காலும் வயலுமாக அதனை மாற்றியபோது அம்முடிவு உதிர்ந்துவிட்டது. மடை மட்டும் நின்றது. மொழிபெயர்த்தல் என்பது அறியார்க்கு அறிவிக்கும் தொண்டு என்று மட்டும் எண்ணியிருந்தோம். அறிந்தார் தாம் அறியாததைக் காணும் வழியும் அதுவே என்பதை இப்போது அறிகின்றோம். நம் கல்லூரியில் இயற்பியல் வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே தாழ்வாரத்தின் இரு முனைகளில் உள்ளன. வாரத்தில் ஒரு மாலை, அங்குள்ள மாணவர் ஒருவர் தம் பாடத்தை இங்குள்ளார்க்குத் தமிழிற் சொல்லிப் பார்ப்பாராயின், இரு திறத்தார்க்கும் இழப்பொன்றும் இராது.

ஆச்சிக்கு யாம் முழுச்செய்தியையும் சொன்னோம். மடையைக் கண்டவர் அவரே என்றும் சொன்னோம். அவர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ஆயினும் மறுநாள் அண்டை வீட்டாரிடம், “எம் பேரன் பஸ் ஓட்டல, நின்னுபோன பஸ்ஸக் கிளப்பி விடுதான்” என்று கூறியதை யாம் எம் செவியாற் கேட்டோம். அதனினும் செவ்விய விளக்கம் எம் தமையனாரும் எழுதவில்லை, யாமும் எழுதவில்லை.